லீட் எடுத்த பிறகு கோல் வாங்குவது ஏன்? பெஸ் 2021-இல் அட்டாக்கையும் டிஃபென்ஸையும் சேர்த்து மாற்றும் முறை

கேள்வி: "அண்ணே, திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு காலேஜ் வந்து போகிறேன். சாயங்காலம் அண்ணாநகரில் ஒரு கேமிங் சென்டரில் நண்பர்களோடு பெஸ் 2021 என்ற கால்பந்து வீடியோ கேம் ஆடுவோம். பத்து நிமிஷ மேட்ச். நான் எப்போதும் பார்சிலோனா, 4-3-3. அட்டாக்கில் பொசஷன் கேம், ஷார்ட் பாஸ், சப்போர்ட் ரேஞ்ச் 8. டிஃபென்ஸில் ஃப்ரன்ட்லைன் பிரஷர், அக்ரஸிவ், டிஃபென்சிவ் லைன் 9, காம்பேக்ட்னெஸ் 3. கூடவே ஓரத்து டிஃபென்டர்களை அட்டாக்குக்கு ஏறச் சொல்லும் அட்டாக்கிங் ஃபுல்பேக்ஸ் போட்டிருக்கிறேன். 60ஆவது நிமிஷம் வரை லீடில் இருப்பேன். அப்புறம் டிஃபென்சிவ் ஸ்டைலை ஆல்-அவுட் டிஃபென்ஸுக்கு மாற்றுவேன். மாற்றிய பிறகுதான் வரிசையாகக் கோல் வாங்குகிறேன். எதிரில் பெரும்பாலும் பாரிஸ் அணி பிஎஸ்ஜி, அதில் வேகக்காரர் எம்பாப்பே. என்ன செட்டிங் வைக்க வேண்டும்?"

தம்பி, நீ சொன்ன எண்கள் எதுவும் தனியாகப் பார்த்தால் தப்பில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்றை ஒன்று கெடுப்பது தெரியும். மெனுவில் அட்டாக்குக்கு ஒரு பக்கம், டிஃபென்ஸுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் காட்டுவதால் இரண்டையும் தனித்தனி வேலையாக நினைத்துவிடுகிறோம். மைதானத்தில் நிற்பது அதே பதினொரு பேர். பந்து உன் காலிலிருந்து போகும் அந்த நொடியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை முடிவு செய்வது உன் அட்டாக் செட்டிங். டிஃபென்ஸ் செட்டிங் அந்த இடத்திலிருந்துதான் வேலையை ஆரம்பிக்க முடியும். அதனால் எந்த எண்ணை மாற்றுவதற்கு முன்பும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்: இந்த நேரத்தில் பந்தை இழந்தால், பந்துக்குப் பக்கத்தில் என் ஆட்கள் எத்தனை பேர்?

உன் சப்போர்ட் ரேஞ்ச் 8-ஐ எடுத்துக்கொள்வோம். பந்து வைத்திருப்பவனுக்கு உதவி செய்யும் ஆட்கள் எவ்வளவு தள்ளி நிற்பார்கள் என்பதுதான் இது. எண் பெரிதானால் விரிந்து நிற்பார்கள். நீயோ ஷார்ட் பாஸ் ஆடுகிறாய். பாஸ் சின்னது, ஆட்கள் தூரம். பந்தைப் பறிகொடுத்ததும் ஃப்ரன்ட்லைன் பிரஷரும் அக்ரஸிவும் சேர்ந்து "போய் அமுக்கு" என்று எல்லோரையும் விரட்டும். ஆனால் ஓட வேண்டிய தூரம் அதிகம் என்பதால் ஒவ்வொருவனும் ஒரு தப்படி தாமதமாகத்தான் போய்ச் சேருவான். தாமதமாகப் போகிற பிரஸ், பிரஸ் பண்ணாமல் இருப்பதைவிட மோசம். பந்தும் கிடைக்காது, அவன் விட்டு வந்த இடமும் காலி. பின்னால் உன் லைன் 9-இல், நடுக்கோட்டை ஒட்டி நிற்கிறது. காம்பேக்ட்னெஸ் 3 என்பதால் நாலு டிஃபென்டர்களும் அகன்று நிற்கிறார்கள். எம்பாப்பேக்கு வேண்டியது உன் சென்டர்-பேக் பிகேவுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவே ஒரே ஒரு த்ரூ பால். அதற்குப் பிறகு நீ ஓட்டப் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் பிகே அவரைப் பிடிக்கப்போவதில்லை.

முதல் ஒரு மணி நேரம் இது தெரியாமல் போவதற்குக் காரணம் ஸ்டாமினா. எல்லோருக்கும் தெம்பு இருக்கும்வரை அந்த ஒரு தப்படித் தாமதத்தை ஓடியே சரிக்கட்டிவிடுவார்கள். அக்ரஸிவ் பிரஸ்ஸில் 60 நிமிஷம் ஓடிய பிறகு முடியாது.

இனி நீ 60ஆவது நிமிஷத்தில் செய்யும் மாற்றம். ஆல்-அவுட் டிஃபென்ஸ் போட்டதும் அணி பின்வாங்கப் பார்க்கும். ஆனால் அட்டாக் பக்கத்தில் நீ எதையும் தொடவில்லை. அட்டாக்கிங் ஃபுல்பேக்ஸ் அப்படியே இருக்கிறது. உன் இடது ஃபுல்பேக் ஜோர்டி ஆல்பா இயல்பிலேயே முன்னால் ஓடுகிறவர், அவருக்கு நீ இன்னும் அனுமதிச் சீட்டும் கொடுத்திருக்கிறாய். சப்போர்ட் ரேஞ்ச் இன்னும் 8. ஆக, பந்து உன்னிடம் இருக்கும்போது பழைய மாதிரியே எல்லோரும் முன்னால் விரிந்து போகிறார்கள். பந்து போனதும் முன்பிருந்த பிரஸ்கூட இல்லை, பந்தை வாங்கியவன் நிதானமாகத் தலை நிமிர்ந்து பார்க்கிறான். உன் இரண்டு சென்டர்-பேக்குகளும் பாக்ஸை நோக்கிப் பின்னால் போகிறார்கள், மிட்ஃபீல்டர்கள் இன்னும் மேலேயே நிற்கிறார்கள். நடுவில் ஒரு பெரிய காலி இடம். பிஎஸ்ஜியின் நெய்மாரோ வெராட்டியோ அங்கே பந்தை வாங்கித் திரும்பினால் கோல் பாதி விழுந்த மாதிரிதான். நீ டிஃபென்ஸுக்கு மாறவில்லை, பாதி அணியை மட்டும் டிஃபென்ஸுக்கு அனுப்பிவிட்டு மீதிப் பாதியை அட்டாக்கில் விட்டிருக்கிறாய்.

இதே இரண்டு அணிகள் நிஜத்தில் மோதிய ஒரு மேட்சைச் சொல்கிறேன், முடிந்தால் ஹைலைட்ஸ் தேடிப் பார். 2021 பிப்ரவரி 16, சாம்பியன்ஸ் லீக், கேம்ப் நூ மைதானம். மெஸ்ஸியின் பெனால்டியில் பார்சிலோனாதான் முதலில் முன்னிலை எடுத்தது. முடிவு 4-1, பிஎஸ்ஜி வெற்றி. எம்பாப்பே ஹாட்ரிக். பிஎஸ்ஜியின் நாலு கோல்களில் மூன்று 65ஆவது நிமிஷத்திலிருந்து விழுந்தவை. கடைசிக் கோலைத் தனியாகக் கவனி. பார்சிலோனா ஆட்கள் முன்னால் போயிருக்கிறார்கள், பந்து போகிறது, பின்னால் யாரும் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் ஓட்டம். கேமிங் சென்டரில் உனக்கு விழும் கோலும் இதே ஜாதிதான்.

சரி, எண்களுக்கு வருவோம். இவை நான் ஆரம்பிக்கும் இடம். உன் கைக்கு ஏற்ப ஒன்று கூட்டிக் குறைத்துக்கொள்.

பொசஷன் கேம், ஷார்ட் பாஸ் இரண்டையும் வைத்துக்கொள், பார்சிலோனாவுக்கு அதுதான் பொருந்தும். சப்போர்ட் ரேஞ்சை 4-க்கு இறக்கு. ஆட்கள் நெருங்கி வருவார்கள். ஷார்ட் பாஸுக்கு வழி கிடைக்கும் என்பது ஒரு லாபம். பந்து போனால் அதைச் சுற்றி ஏற்கனவே மூன்று பேர் நிற்பார்கள் என்பது பெரிய லாபம். ஃப்ரன்ட்லைன் பிரஷர் அப்போதுதான் அர்த்தமுள்ள செட்டிங் ஆகும். காம்பேக்ட்னெஸ்ஸை 7-க்கு ஏற்று. டிஃபென்சிவ் லைனை 7-க்கு இறக்கு. ரொம்ப இறக்கிவிடாதே, ஏனென்றால் முன்னால் பிரஸ் பண்ணும்போது பின்வரிசையும் கூடவே ஏறி வந்தால்தான் நடுவில் ஓட்டை விழாது. ஃப்ரன்ட்லைன் பிரஷரோடு லைன் 3 வைத்து ஆடுகிற பசங்களைப் பார்த்திருப்பாய். முன்னால் மூன்று பேர் அமுக்குவார்கள், பின்னால் நாலு பேர் கோல்கீப்பரோடு நிற்பார்கள், நடுவில் எதிராளி ஆற அமர ஆடுவான்.

காம்பேக்ட்னெஸ்ஸை ஏன் இவ்வளவு முக்கியமாகச் சொல்கிறேன் என்றால், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது தினமும் பார்க்கிற விஷயம் அது. நாலு டிஃபென்டர்களையும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரச் சொல்வேன். பந்து வலது ஓரத்துக்குப் போனால் இடது பேக்கும் நடுவுக்கு நகர வேண்டும். புதிதாக வருகிற பையன் தன் ஓரத்திலேயே நின்றுவிடுவான், கயிறு இறுகும். அந்த ஓரத்தில் எதிராளி ஒருத்தன் தனியாக நிற்கிறானே என்று பயப்படுவான். நிற்கட்டும். பந்து அங்கே போய்ச் சேர ஆகும் நேரத்தில் நாம் நகர்ந்துவிடலாம். நடுவே நேராக வரும் பந்துக்கு அந்த நேரம் கிடைக்காது. விளையாட்டிலும் அதுவேதான் நடக்கிறது. காம்பேக்ட்னெஸ் 7 வைத்தால் ஓரத்தில் இடம் கொடுப்பாய், கிராஸ் வரும். எம்பாப்பேயும் நெய்மாரும் தலையால் கோல் அடிக்கிற ஆட்கள் இல்லை, அதனால் அந்த விலை பிஎஸ்ஜிக்கு எதிராகத் தாங்கும். தலையால் அடிப்பதில் கெட்டிக்காரரான லெவாண்டோவ்ஸ்கி இந்த கேமில் இருக்கும் பயர்ன் அணிக்கு எதிராக ஆடினால் 5-க்கு இறக்கிக்கொள்.

அட்டாக்கிங் ஃபுல்பேக்ஸ் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. எம்பாப்பே எதிரில் இருக்கும்போது முதல் நிமிஷத்திலிருந்தே அதை எடுத்துவிடு. ஆல்பா அது இல்லாமலே ஓடுவார், வலது பக்கமாவது ஒருத்தர் பின்னால் இருக்கட்டும். பின்னால் ஒடுங்கிக் கிடக்கும் அணிக்கு எதிராக மட்டும் அதைப் போடு.

இப்போது நீ கேட்ட விஷயம்: லீட் எடுத்த பிறகு என்ன செய்வது. பத்து நிமிஷ மேட்ச் என்றால் ஆட்டத்தின் கடைசி அரை மணி நேரம் நிஜத்தில் மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான். அதனால் நிறைய மாற்ற நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. நான் மாற்றும் வரிசை இது. முதலில் பிரஷரிங்கை அக்ரஸிவிலிருந்து கன்சர்வேட்டிவுக்குக் கொண்டு வா. ஆட்கள் பாய்ந்து பாய்ந்து இடத்தைக் காலி பண்ணுவது நிற்கும், தெம்பும் மிஞ்சும். அடுத்து, அட்டாக் பக்கத்தில் பொசிஷனிங் ஃப்ளெக்சிபிள் என்று இருந்தால் மெயின்டெயின் ஃபார்மேஷனுக்கு மாற்று. பலர் தொடாத இடம் இது. ஆட்கள் இடம் மாறி மாறி ஓடாமல் தங்கள் இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பார்கள், பந்து போனால் திரும்பி வரும் தூரம் குறையும். அதற்கப்புறம் டிஃபென்சிவ் லைனை 7-இலிருந்து 5-க்கு இறக்கு. இரண்டு படிதான். சப்போர்ட் ரேஞ்ச் 4 அப்படியே இருக்கட்டும். லீடைக் காப்பாற்ற மிக நல்ல வழி பந்தை நீயே வைத்திருப்பது, அதற்கு ஆட்கள் பக்கத்தில் வேண்டும்.

ஆல்-அவுட் டிஃபென்ஸ் ஸ்டைலை எப்போது போடலாம்? கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மட்டும். போடும்போது அட்டாக்கிங் ஸ்டைலையும் கவுன்டர் அட்டாக்குக்கு மாற்று, பந்தை முன்னால் கொண்டு போகும் முறையான பில்ட்-அப்பை லாங் பாஸுக்கு மாற்று. ஏனென்றால் எல்லோரும் பாக்ஸுக்குள் இருக்கும்போது அங்கேயே ஷார்ட் பாஸ் போட்டு விளையாடினால் உன் கோலுக்கு முன்னாலேயே பந்தை இழப்பாய். பந்து கிடைத்ததும் தூரத்துக்குப் போக வேண்டும். அங்கே வாங்குவதற்கு ஒரு ஆள் நிற்க வேண்டும். அதற்குத்தான் கவுன்டர் டார்கெட் என்ற அட்வான்ஸ்டு இன்ஸ்ட்ரக்ஷன். நீ சொல்லும் ஒருத்தர் டிஃபென்ஸுக்கு இறங்காமல் முன்னாலேயே நிற்பார். டெம்பெலே மாதிரி வேகக்காரருக்கு அதைக் கொடு. ஓடுவதற்கு ஒருத்தர் அங்கே நிற்கிறார் என்பதாலேயே எதிராளி தன் டிஃபென்டர்களைப் பின்னால் வைத்திருப்பான், நிம்மதியாக எல்லோரையும் ஏற்றி அனுப்ப மாட்டான்.

இவ்வளவையும் ஆட்டத்தை நிறுத்தி மெனுவில் போய் மாற்றினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் கத்துவான். ப்ரீசெட்டாக முன்பே சேமித்துவை. ஒன்று சாதாரண ஆட்டத்துக்கு, இன்னொன்று லீட் காப்பதற்கு, மூன்றாவது பின்தங்கும்போது. அட்டாக், டிஃபென்ஸ் லெவலைக் கணினியே மாற்றும்படி விட்டிருந்தால் அதை நிறுத்து. உனக்குத் தெரியாமல் அணி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் எந்த எண் வேலை செய்தது என்று உன்னால் கண்டுபிடிக்கவே முடியாது.

ப்ரீசெட் அமைக்கும்போது ஃப்ளூயிட் ஃபார்மேஷனையும் பார். பந்து உன்னிடம் இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், இல்லாதபோது இன்னொன்று என்று தனித்தனியாக வைக்கலாம். பந்து இருக்கும்போது உன் 4-3-3. இல்லாதபோது இரண்டு விங்கர்களையும் மிட்ஃபீல்ட் வரிசைக்கு இழுத்து 4-5-1. நான் சொன்ன எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய். ஆல்பா ஏறிப் போனாலும் அவருக்கு முன்னால் இருந்த விங்கர் அந்தப் பக்கம் இறங்கி வருவார். மெஸ்ஸியை நடுவில் ஒற்றை ஸ்ட்ரைக்கராக வைத்துவிடு, அவரை டிஃபென்ஸுக்கு ஓடவைத்து 70ஆவது நிமிஷத்தில் மூச்சு வாங்கவைப்பதில் லாபம் இல்லை.

இனி விரல்களின் விஷயம். நீ கன்சர்வேட்டிவ் என்று போட்டுவிட்டு ஸ்கொயர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தச் செட்டிங்கை நீயே கலைக்கிறாய். அந்தப் பொத்தான் இன்னொரு ஆளைப் பிரஸ்ஸுக்குக் கூப்பிடுகிறது, பெரும்பாலும் தன் இடத்தை விட்டு வரக்கூடாத ஆளை. நம்ம சென்டர்களில் பாதிப் பேர் டிஃபென்ஸ் என்றாலே எக்ஸையும் ஸ்கொயரையும் சேர்த்துப் பிசைவதுதான். லீடில் இருக்கும்போது ஸ்கொயரை மறந்துவிடு. அப்புறம், சென்டர்-பேக்கைக் கர்சரில் எடுத்துக்கொண்டு பந்தை நோக்கி ஓடாதே. உன் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் புஸ்கெட்ஸை எடு, பந்துக்கும் எம்பாப்பேக்கும் நடுவே உள்ள கோட்டில் அவரை நிறுத்து. பந்தைப் பறிக்க வேண்டாம், அந்தப் பாஸை அடைத்தால் போதும். லைனைக் கணினி பார்த்துக்கொள்ளும், அதைக் கலைக்காமல் இருப்பது உன் வேலை.

பின்தங்கும்போது என்ன என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், மூன்றாவது ப்ரீசெட்டுக்கு வேண்டுமே. நேராக ஆல்-அவுட் அட்டாக்குக்குப் போகாதே. முதலில் அட்டாக் லெவலை ஒரு படி மட்டும் ஏற்று. அட்டாக்கிங் ஏரியாவைப் பார்: எதிராளி நடுவை அடைத்திருந்தால் வைடுக்கு மாற்று, அவன் அகன்று நின்றால் சென்டருக்கு மாற்று. இந்த ஒரு மாற்றத்தில் வழி திறப்பதை நான் நிறைய மேட்ச்சில் பார்த்திருக்கிறேன். கடைசி ஐந்து நிமிஷத்தில் கார்னர் கிடைத்தால் எல்லோரையும் மேலே அனுப்பும் ஆசை வரும். 2018 உலகக் கோப்பையில் ஜப்பான், பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 முன்னிலையில் இருந்தது. பெல்ஜியம் 2-2 ஆக்கியது. 90 நிமிஷத்துக்குப் பிறகு சேர்த்த இன்ஜுரி டைமின் கடைசித் தருணத்தில் ஜப்பானுக்குக் கார்னர். பந்தைக் கையில் பிடித்த பெல்ஜியம் கோல்கீப்பர் குர்துவா உடனே டி புருய்னாவுக்கு உருட்டிவிட்டார். அவர் நடுவே ஓடி மூனியேவுக்குக் கொடுத்தார், மூனியே குறுக்கே போட்ட பந்தை லுகாகு தொடாமல் விட, ஷாட்லி கோலுக்குள் தட்டினார். 3-2. ஜப்பான் வெளியே. கார்னர் எடுக்கும்போது பின்னால் வேகமான இரண்டு பேராவது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு எடு.

எந்தச் செட்டிங் சரி என்பதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அதே நண்பனோடு, அதே பிஎஸ்ஜிக்கு எதிராக ஆடு. கோல் வாங்கினால் கோபத்தில் ரீப்ளேயைத் தள்ளிவிடாதே, அதைத்தான் பார்க்க வேண்டும். கோல் அடித்தவனைப் பார்க்காதே. நீ பந்தை எங்கே இழந்தாய், அப்போது பக்கத்தில் உன் ஆட்கள் எத்தனை பேர், முதல் பாஸ் போட்டவனை யாராவது நெருங்கினார்களா, இந்த மூன்றையும் பார். பக்கத்தில் ஆளே இல்லை என்றால் சப்போர்ட் ரேஞ்ச். ஆள் இருந்தும் தாண்டிப் போனது என்றால் பிரஷரிங், அல்லது உன் விரல். பந்து இரண்டு டிஃபென்டர்களுக்கு நடுவே போனது என்றால் காம்பேக்ட்னெஸ். தலைக்கு மேல் போனது என்றால் லைன்.

உன் செட்டில் சிலர் போனில் ஈஃபுட்பால் ஆடுவார்களே, அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-இல் பெஸ் என்ற பெயர் போய் ஈஃபுட்பால் வந்தபோது இந்த எண்கள் எல்லாம் போய்விட்டன. அதற்குப் பதில் டீம் பிளேஸ்டைல்: பொசஷன் கேம், குவிக் கவுன்டர், லாங் பால் கவுன்டர், அவுட் வைட், லாங் பால். அட்டாக்கும் டிஃபென்ஸும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். குவிக் கவுன்டர் என்றால் மேலே நின்று அமுக்கும், லாங் பால் கவுன்டர் என்றால் பின்னால் இறங்கி நிற்கும். பெயரில் கவுன்டர் இருக்கிறது என்று இரண்டையும் ஒன்றாக நினைத்து, பிகே மாதிரி மெதுவான சென்டர்-பேக்குகளை வைத்துக்கொண்டு குவிக் கவுன்டர் ஆடுகிறவர்கள்தான் அங்கே வரிசையாகக் கோல் வாங்குகிறவர்கள். தேர்ந்தெடுக்கும் ஸ்டைலுக்கு மேனேஜரின் எண் அதிகமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி ஆடுகிறவர்களுக்குப் பெயர்கள் வேறு, ஆனால் பில்ட்-அப் ஸ்டைலையும் டிஃபென்சிவ் அப்ரோச்சையும் ஜோடி சேர்க்கும் கணக்கு இதேதான்.

நீ அடுத்த தடவை சென்டருக்குப் போனதும் முதலில் சப்போர்ட் ரேஞ்சை மட்டும் 4-க்கு மாற்றி இரண்டு மேட்ச் ஆடு, அடுத்து காம்பேக்ட்னெஸ்ஸை 7-க்கு மாற்றி இரண்டு மேட்ச் ஆடு. 60ஆவது நிமிஷத்தில் எதையும் தொடாதே. அதிலேயே கடைசி நேரக் கோல்கள் குறைந்தால் லீட் காக்கும் ப்ரீசெட்டுக்குப் போகலாம். குறையவில்லை என்றால் ரீப்ளேயில் பந்து எந்த இடத்தில் போனது என்று எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.